குழாயில் தண்ணீர் வந்தால் தோம்பு எதற்கு?



சில வாரங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக் கிளைக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், 'அங்கேதானே, நம்ம தோட்டத்தில் இல்லையே' என்று மற்றவர்கள் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய கதைதான்.

சம்பள விஷயம் பேசத்தான் கூட்டம் கூட்டியிருந்தார்கள். ஆனால், நாம் போய் இறங்கியபோது லயத்தின் கடைசி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. செம்பனைக் குலை வெட்டும் நம் தோழர் ஒருவர், முப்பத்தொன்பது வயது, இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

என்ன நடந்தது என்று அவர் மனைவி சொன்னார். திங்கட்கிழமை காய்ச்சல். இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார், புதனும் போனார். "எம்.சி. எடுத்தா குலைக்காசு போயிருமே, மாசக் கடைசி ஆச்சே"ன்னு சொன்னாராம். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல, சாதாக் காச்சல்தான்" என்று குளித்துவிட்டுச் சிரித்தாராம். வெள்ளிக்கிழமை காலையில் வயிற்று வலி, வாந்தி. அதோடும் வேலைக்குப் போனார். பத்து மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

டிங்கிக் காய்ச்சல்!

அடுத்த வாரம் சுகாதார இலாகாவிலிருந்து வந்தார்கள். வீடு வீடாக டார்ச் லைட் அடித்துப் பார்த்தார்கள். நான்கு வீட்டுத் தோம்புகளில் கொசுப்புழு இருந்தது. நான்கு வீட்டுக்கும் ஆளுக்கு 500 வெள்ளி கம்பவுண்ட். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. புழுவைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, அதைச் செய்தார்கள்.

ஆனால், கம்பவுண்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாயார் நம்மைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது.

"தலைவரே, காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம், அதுவும் நூல் மாதிரி வருது தண்ணி. சில நாள் அதுவும் இல்ல. குழாயில ஒழுங்கா தண்ணி வந்தா எனக்குத் தோம்பு எதுக்கு? தோம்புல புழு இருக்குன்னு எழுதிக்கிட்டாங்களே, தோம்ப ஏன் வச்சேன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. தோழர்களே, உண்மையைச் சொல்கிறோம்: நாமும் கேட்டதில்லை.

நம் தாத்தா காலத்துக் கொசு

கொசுவுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உள்ள பகை இன்று நேற்று வந்ததல்ல. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் நம் பாட்டன், பூட்டன்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது மலேரியா. 'தண்ணி ஒத்துக்கல, மலைக்காத்து ஆகல' என்றுதான் அப்போது சொன்னார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்தார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகுதான் தோட்டங்களிலும் வடிகால் வெட்டினார்கள், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் அடித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? 'கூலிக்காரன் சுத்தமாக இருந்தால் மலேரியா வராது' என்று பேசிக்கொண்டே இருந்திருந்தால் மலேரியா போயிருக்காது. வடிகால் வெட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று ஆன பிறகுதான் அது அடங்கியது. தொழிலாளி செத்துக்கொண்டே இருந்தால் மரம் சீவ ஆள் இருக்காது என்ற கணக்கும் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கணக்கு எதுவாக இருந்தாலும் சரி, வேலை நடந்தது, உயிர் பிழைத்தது.

டிங்கியும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பினாங்கில் 1901, 1902-ஆம் ஆண்டுகளிலேயே அது பதிவாகியிருக்கிறது. இரத்தக் கசிவோடு வரும் கொடிய டிங்கி 1962-இல், அதுவும் பினாங்கில்தான், முதலில் தெரிய வந்தது. 1973-இல் பெரிதாகப் பரவியது. 1975-இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. நாம் மேலே சொன்ன கம்பவுண்ட் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதுதான்.

அவ்வளவு காலமாகியும் நோய் போனதா? 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். 2024-ஆம் ஆண்டில் 1 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கு மேல், 117 பேர் மரணம். வானத்தைத் தொடும் கட்டடம் கட்டத் தெரிந்த நாட்டில், ஒரு கொசுவை அடக்க முடியவில்லை!

காரணம் என்ன? நாடு வளருகிறது, ஆனால் பாதி பாதியாக வளருகிறது. பிளாஸ்டிக் டப்பா லயம் வரைக்கும் வந்துவிட்டது, குப்பை லாரி வரவில்லை. குழாய் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை. இந்தப் பாதி வேலையில்தான் டிங்கிக் கொசு முட்டை போடுகிறது.

பகலில் கடிக்கும் கொசு

மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். விடிந்த சில மணி நேரமும், பொழுது சாயும் நேரமும்தான் அதற்குக் கொண்டாட்டம். அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? விடியும்போது நிரையில் நிற்கிறோம். குழந்தை ஆயாக் கொட்டகையில் தூங்குகிறது. இரவில் கொசுவலை கட்டுகிற வீட்டிலும், பகலில் தூங்கும் குழந்தைக்கு வலை கட்டுவதில்லை. இந்தக் கொசுவுக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பது குறைவு. கலங்காமல் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். உடம்பிலும் காலிலும் வெள்ளைப் புள்ளி, வெள்ளை வரி இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீட்டுக்குள்ளே தோம்பிலும் தொட்டியிலும் வளர்வது. மற்றது வெளியே, மரம் செடி உள்ள இடத்தில், மூங்கில் கட்டையிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மரப்பொந்திலும் வளர்வது. ஆக, வீட்டிலும் விடாது, காட்டிலும் விடாது!

பால் மரத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சீவாமல் விட்டிருக்கிற மரங்களில் மங்கு நிமிர்ந்தே தொங்கினால், மழை பெய்த பிறகு ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டிதான். கவிழ்த்து வைக்க ஒரு நிமிடம் ஆகாது. செம்பனைத் தோட்டத்திலும் குறைவில்லை. காலி மருந்து டின், பழைய டயர், ஓட்டைக் கைவண்டி, கழித்துப் போட்ட வாளி என்று எத்தனையோ கிடக்கின்றன.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் புழு கொசுவாக முடியாது. ஆனால், கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். அதனால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

புகை அடித்தால் தீர்ந்ததா?

காய்ச்சல் கண்டதும் புகை வண்டி வரும். 'டர்ர்ர்' என்று சத்தம், லயம் முழுக்க வெள்ளைப் புகை. பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். நாமும் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் அப்படி ஓடியவர்கள்தான்! 'புகை அடிச்சாச்சு, இனி பயமில்ல' என்று அன்று இரவு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

தோழர்களே, புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தோம்பில் நெளியும் புழுவையும், சுவரில் ஒட்டிய முட்டையையும் அது தொடாது. சில நாள் கழித்துப் புதுக் கொசு பறக்கும். போதாக்குறைக்குப் புகை வரும்போது கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். வீட்டுக்குள்ளே இருக்கும் கொசு பத்திரமாகத் தப்பிக்கிறது. புகை அடிப்பது நோய் கண்ட இடத்தில் அவசரத்திற்குச் செய்கிற வேலை. அதை மட்டும் செய்துவிட்டு, 'நாங்கள் நடவடிக்கை எடுத்துவிட்டோம்' என்று நிர்வாகம் சொன்னால் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

தடுப்பூசி வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். 2024-இல் மலேசியாவில் ஒரு டிங்கித் தடுப்பூசிக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது உண்மை. ஊசி இருந்தாலும் தோம்பைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சல் விட்ட நாளே கண்டத்து நாள்

மேலே சொன்ன தோழரின் கதையைத் திரும்பப் படியுங்கள். அவர் எந்த நாளில் தப்புச் செய்தார்? காய்ச்சல் விட்ட நாளில். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், மிகவும் ஆபத்தான நேரம். அந்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் இறங்கி, ஆளைச் சாய்த்துவிடும். பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால், யாருக்கு முற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, காய்ச்சல் குறையும்போது இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், ஆள் சோர்ந்து சுருண்டு படுத்தல் அல்லது நிலை கொள்ளாமல் புரளுதல். இதில் ஒன்று கண்டாலும், நடு இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 'விடியட்டும்' என்று சொல்லக் கூடாது. முறையான கவனிப்புக் கிடைத்தால் கொடிய டிங்கியில்கூட நூற்றுக்கு ஒருவரையும் இழக்காமல் காப்பாற்றலாம் என்பது மருத்துவர்களின் அனுபவம். தாமதம்தான் எமன்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்று நினைப்பவர்களும் உண்டு. டிங்கிக் கிருமியில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகை திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் முற்றுவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே, முன்பே டிங்கி கண்டவர்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காய்ச்சலுக்கு பனடோல் போதும், அதையும் அளவோடுதான். உடம்பு வலிக்கிறது என்று கடையில் கேட்டு ஆஸ்பிரின், பொன்ஸ்தான், வோல்தரன் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். இரத்தக் கசிவை அவை மோசமாக்கும். நிறையத் தண்ணீர், கஞ்சி, பழச்சாறு குடிக்க வேண்டும். பப்பாளி இலைச் சாறு கொடுக்கும் தாய்மார்களை நாம் கேலி செய்யவில்லை. ஆனால், 'சாறு குடுத்தாச்சு, ஆஸ்பத்திரி எதுக்கு' என்று இருப்பதுதான் தவறு. காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கிற கொசு சில நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

எம்.சி. எடுக்கப் பயம் ஏன்?

அந்தத் தோழர் அறியாமையால் மட்டும் சாகவில்லை. 'குலைக்காசு போயிருமே' என்ற பயமும் சேர்ந்துதான் அவரைக் கொன்றது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்திற்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும். இது யாரும் போடுகிற பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை.

ஆனால், நடைமுறையில் என்ன? எம்.சி. நாளுக்குக் கிடைக்கும் சம்பளம் வேறு, ஓடி ஓடிக் குலை வெட்டிச் சேர்க்கிற காசு வேறு. அதற்கு மேல், எம்.சி. எடுத்தால் மண்டோர் முகம் சுளிக்கிறார். இந்த முகச் சுளிப்புக்குச் சட்டத்தில் மருந்தில்லை, சங்கத்தில்தான் இருக்கிறது. காய்ச்சலோடு வந்த ஒருவரைப் பெரட்டிலேயே திருப்பி கிளினிக்கிற்கு அனுப்புகிற பழக்கம் எல்லாத் தோட்டத்திலும் வர வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே போய்ச் சேருகிற வண்டிதான் நமக்குப் பிரச்சினை.

வெளிநாட்டுத் தொழிலாளிகளை மறந்துவிட வேண்டாம். இன்று பல தோட்டங்களில் அவர்கள்தான் அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்குக் கட்டணம் கூடுதல். அதற்குப் பயந்து காய்ச்சலை மறைத்துக் குடியிருப்பில் படுத்துக்கொள்கிறார்கள். 'அவன் பாடு' என்று நாம் சொன்னால், கொசு அப்படிச் சொல்லாது. அவனைக் கடித்த கொசுதான் நம் பிள்ளையையும் கடிக்கும். கொசு பாஸ்போர்ட் பார்ப்பதில்லை!

தண்ணீர் யார் பொறுப்பு?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

1990-ஆம் ஆண்டில் வந்த 446-ஆம் சட்டம், தொழிலாளர்களின் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்வது. முதலாளி தரும் வீட்டில் குழாய்த் தண்ணீர் இலவசமாகவும் *போதுமான அளவும்* கிடைக்க வேண்டும், வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'குழாய் போட்டுவிட்டோம்' என்பது போதாது. போதுமான தண்ணீர் வர வேண்டும். ஒரு மணி நேரம் நூல் போல வருவது எந்த ஊரில் போதுமான தண்ணீர்?

கம்பவுண்ட் எழுதுகிற 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் குடியிருப்பவரை மட்டும் சொல்லவில்லை, இடத்தின் சொந்தக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. முதல் குற்றத்திற்கே 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை என்று கடுமையான சட்டம். ஆனால், தாள் யார் கைக்கு வருகிறது? தோம்பு வைத்தவர் கைக்கு! 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் 500 வெள்ளி என்றால், கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. தோம்பு வைக்க வைத்தவருக்கு ஒன்றுமில்லை.

விற்றுவிட்ட தோட்டங்களின் கதை இன்னும் மோசம். வீடமைப்புக்காரர் வாங்கிவிட்டார், பாதிக் குடும்பம் வெளியேறிவிட்டது. காலி வீடுகளில் கூரை இடிந்து, குளியல் தொட்டியிலும் கக்கூஸ் தொட்டியிலும் மழைத் தண்ணீர் நிற்கிறது. மிஞ்சியிருக்கிற பத்துப் பதினைந்து குடும்பம் நடுவில் மாட்டிக்கொண்டு கடி வாங்குகிறது. பழைய முதலாளி 'வித்தாச்சு' என்கிறார், புதியவர் 'இன்னும் எடுக்கல' என்கிறார். காலி வீட்டுக் கொசுவுக்குக் கம்பவுண்ட் எழுத ஆள் இல்லை.

நம் பக்கத்துக் குற்றம்

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டம். அங்கே நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வருகிறது. நிர்வாகத்தோடு போராடி வாங்கிய குழாய். அந்தத் தோட்டத்திலும் புழு இருந்தது! எங்கே தெரியுமா? சாமி மாடத்துப் பூச்செம்பில், கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டியில், வீட்டுக்குப் பின்னால் வீசிய ஐஸ்கிரீம் டப்பாவில், கோயில் தொட்டியில். இதற்கு எந்த மானேஜரைக் கேட்பது?

'நிர்வாகம் செய்யட்டும்' என்று நாம் சும்மா இருப்பதும் தவறு. 'தொழிலாளி சுத்தமில்லை' என்று நிர்வாகம் தட்டிக் கழிப்பதும் தவறு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் புழு கொசுவாகிவிடுகிறது.

சங்கக்காரர்களான நம் குற்றமும் உண்டு. இத்தனை வருடத்தில் எத்தனை கிளைக் கூட்டம் நடத்தியிருப்போம்! சம்பளம் பேசினோம், போனஸ் பேசினோம், வேலை நேரம் பேசினோம். தண்ணீர்க் குழாயை ஒரு தீர்மானமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தது எத்தனை முறை? கை விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தாயார் கேட்டபோது நாம் தலை குனிந்தது அதனால்தான்.

இனி என்ன செய்வது?

நம் பங்கு:

1. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் கொட்டி, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைப்போம்.

2. தோம்பு வைத்தே ஆக வேண்டிய வீட்டில், இறுக்கமான மூடி போடுவோம், அல்லது மெல்லிய வலைத் துணி கட்டுவோம். கழுவ முடியாத பெரிய தொட்டிக்கு ஆபேட் மருந்து, பொட்டலத்தில் சொன்ன அளவுப்படி.

3. ஒவ்வொரு லயத்திற்கும் இரண்டு பேர், ஒருவர் கண்டிப்பாகத் தாய்மாராக, வாரம் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். காலி வீடுகளையும் கோயில் தொட்டியையும் ஆயாக் கொட்டகையையும் சேர்த்துத்தான்.

4. மூன்று நாள் காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை, இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டாலும் இரண்டு நாள் வேலைக்குப் போவதில்லை, டாக்டரிடம் திரும்பக் காட்டுவோம்.

நிர்வாகத்திடம் கேட்பது:

1. குழாயில் போதுமான தண்ணீர். எந்த நாளில் எத்தனை மணி நேரம் வந்தது என்று ஒவ்வொரு கிளையும் ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். வாய்ப் பேச்சை விட அந்த நோட்டுதான் பேசும். தொழிலாளர் இலாகாவிற்கும் அதைத்தான் கொண்டு போக வேண்டும்.

2. வாரம் தவறாமல் குப்பை எடுத்தல். காலி வீடுகளையும் ஓட்டைத் தொட்டிகளையும் இடித்து அகற்றுதல்.

3. காய்ச்சல்காரரை எந்த நேரத்திலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒரு வண்டியும், பொறுப்பான ஓர் ஆளும்.

4. எம்.சி. எடுத்தவரை முகம் சுளிக்காமல் விடுதல். உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பேதம் இதில் வேண்டாம்.

சுகாதார இலாகாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தோட்டத்து வீட்டில் புழுவைக் கண்டால் கம்பவுண்ட் எழுதுமுன், பக்கத்தில் இருக்கும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால், அந்தத் தாள் போக வேண்டிய விலாசம் வேறு.

தோழர்களே! அன்றைய கூட்டத்தில் சம்பளத்திற்கு முன்னால் தண்ணீரைப் பேசினோம். அந்தத் தாயார்தான் முதலில் எழுந்து பேசினார். லயத்துக் குழுவில் தன் பெயரை முதல் பெயராக எழுதச் சொன்னார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, இறந்த தோழரின் மூத்த மகள் வீட்டுப் பின்னால் அப்பாவின் பழைய வாளிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் பங்கைச் செய்துவிட்டது. இனி நாம் செய்ய வேண்டும், நிர்வாகத்தையும் செய்ய வைக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குவோம்!